கொடி தூங்காத ஊர்

பொங்கல் கழிந்த மறுநாள், லஸ் முனைக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில், நண்பனின் அம்மா காபி டம்ளரை என் முன்னால் வைத்துவிட்டுக் கேட்டார்: "ஏண்டாப்பா, அவ்ளோ படிச்சுட்டு இவன் கடைசில சாராயம் காய்ச்சவா அத்தனை தூரம் போனான்?"

சாராயம் இல்லை மாமி, ஒயின் என்றேன். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்றார். சாராயம் காய்ச்சுவது, ஒயின் வெறுமனே புளிக்கவிடுவது, தோசை மாவு மாதிரி என்று விளக்கினேன். மாமிக்கு அந்த உதாரணம் பிடிக்கவில்லை. தோசை மாவை இந்த விவகாரத்தில் இழுக்காதே என்று சொல்லிவிட்டார்.

விவகாரம் இதுதான். அவன் கிண்டியில் படித்து, அடையாறில் பத்து வருஷம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, லிஸ்பனுக்கு மாற்றல் வாங்கிப் போனவன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் போர்ச்சுகலின் வடக்கே, டோரோ ஆற்றுப் பள்ளத்தாக்கில், மலைச்சரிவில் ஒன்றரை ஏக்கர் திராட்சைத் தோட்டத்தை ஒரு கிழவரிடமிருந்து வாங்கிவிட்டான். கல் அடுக்கிக் கட்டிய படிக்கட்டு நிலம். இந்தப் பள்ளத்தாக்கிற்கு 1756-லேயே எல்லை வகுத்து, இதற்குள் விளைவது மட்டுமே போர்ட் ஒயின் என்று சட்டம் போட்டார்கள். அவனுடைய ஆசை சின்ன ஆசை. ஆண்டுக்கு ஒரு பீப்பாய் தேறினால் போதும். அங்கே ஒரு பீப்பாய் என்பது 550 லிட்டர் கணக்கு. எழுநூறு பாட்டில் சொச்சம்.

பீப்பாய் என்று நான் எழுதுவதை அவன் பார்த்தால் சிரிப்பான். அது அவர்கள் சொல். 'பீப்பா' என்ற போர்த்துகீசியச் சொல்தான் நம்மிடம் வந்து யகர மெய் ஒட்டிக்கொண்டு பீப்பாய் ஆயிற்று. சாவி, ஜன்னல், அலமாரி, மேசை, பாதிரி எல்லாம் அதே கப்பலில் வந்து இறங்கியவை. அவன் பிறந்து வளர்ந்த பேட்டையின் பெயரே அங்கிருந்து வந்ததுதானே? லஸ் என்றால் வெளிச்சம். காட்டுக் கோயில் என்று நாம் சொல்லும் பிரகாச மாதா கோயிலில் 1516 என்று கல்வெட்டு இருக்கிறது. அந்த மாதாவின் பெயர்தான் பேட்டைக்கும் ஆயிற்று. லிஸ்பனில் அவனுக்கு வந்த முதல் கரண்ட் பில்லில் 'லஸ்' என்று அச்சடித்திருந்ததாம். அங்கே மின்சாரத்துக்கும் அதுதான் பெயர். பில்லைப் படம் எடுத்து எனக்கு அனுப்பியிருந்தான். கீழே ஒரே வரி: "21-ஜி பஸ் இங்கேயும் வரும் போல."

இந்த ஜனவரியில் அவன் அனுப்பிய படம் வேறு மாதிரி. கருங்கட்டைகள் வரிசையாக நிற்கின்றன. ஓர் இலை இல்லை. முதல் வருஷம் அதைப் பார்த்துவிட்டுத் தோட்டமே பட்டுப்போய்விட்டது, கிழவர் ஏமாற்றிவிட்டார் என்று ஒரு வாரம் தூங்காமல் கிடந்தானாம். பிறகுதான் யாரோ சொன்னார்கள், அது தூங்குகிறது, மார்ச் கடைசியில் எழுந்திருக்கும் என்று. மயிலாப்பூரில் வளர்ந்தவனுக்குச் செடி மூன்று நான்கு மாதம் செத்தது போல நிற்கும் என்பது எப்படித் தெரியும்? நம் ஊரில் மரம் இலை உதிர்த்தால்கூட மறுவாரமே துளிர்த்துவிடுகிறது. "கம்பத்துல பந்தல் போட்டுத் திராட்சை விளைவிக்கறாங்களே, அவங்க ஜனவரியில என்னடா பண்றாங்க? போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லேன்" என்றான்.

எனக்கும் எங்காவது போகவேண்டியிருந்தது. டிசம்பர் கச்சேரிகள் முடிந்தபிறகு மயிலாப்பூருக்கு ஒரு களைப்பு வரும். அப்போது ஊரை விட்டுக் கிளம்புவது நல்லது.

சென்ட்ரலிலிருந்து போடிநாயக்கனூருக்கு வாரத்தில் மூன்று நாள் இரவு ரயில் இருக்கிறது. 2010 கடைசியில் மீட்டர்கேஜ் பாதையை மூடிய பிறகு தேனிக்காரர்கள் பத்து வருஷத்துக்கு மேல் ரயிலைப் பார்க்கவில்லை. 2022-ல் தேனி வரை அகலப்பாதை வந்தது, 2023 ஜூனில் போடி வரை நீண்டது. காலையில் ஆண்டிபட்டி கணவாயைத் தாண்டும்போது பெட்டியில் பாதிப் பேர் ஜன்னல் பக்கம் வந்துவிட்டார்கள். உள்ளூர்க்காரர்களுக்கே இன்னும் இது புதுசு.

தேனியில் இறங்கி பஸ். வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம். ஒரு பக்கம் மேகமலை, இன்னொரு பக்கம் ஏலமலை. நடுவில் தட்டில் வைத்த மாதிரி பச்சை. கேரளப் பக்கம் கொட்டும் மழை மலையைத் தாண்டி இந்தப் பக்கம் வரும்போது வலுவிழந்துவிடுகிறது. அப்படியானால் இந்தப் பச்சை எங்கிருந்து? மேற்கே ஓடிக் கடலில் விழுந்துகொண்டிருந்த பெரியாற்றை அணை கட்டி மறித்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிவிட்டார் பென்னிகுயிக். 1895-ல் வேலை முடிந்தது. ஜனவரி 15 அவர் பிறந்தநாள், தைப்பொங்கலோடு சேர்ந்தே வந்துவிடுகிறது. லோயர் கேம்ப் மணிமண்டபத்தில் அவர் சிலை முன்னால் விவசாயிகள் பொங்கல் வைப்பார்கள். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் தன் பேரனுக்குப் பென்னிகுயிக் என்று பெயர் வைத்திருப்பதாகச் சொன்னார். வீட்டில் 'பென்னி' என்று கூப்பிடுவார்களாம்.

கம்பத்திலிருந்து சுருளி அருவிக்குப் போகிற சாலையில் சுருளிப்பட்டி. பஸ் நின்றதும் மூக்குக்குத்தான் முதலில் ஊர் தெரிந்தது. பன்னீர்த் திராட்சையின் வாசனை. பனகல் பார்க் பக்கம் தள்ளுவண்டியில் குவித்து வைத்திருக்கும்போது லேசாக, சைதாப்பேட்டை பஸ்களின் புகைக்கு நடுவே, வந்து போகுமே அதே வாசனை. இங்கே அது காற்றிலேயே இருந்தது.

சாலையோரத்துத் தோட்டங்களில் சுற்றுலாக்காரர்கள் கொத்துகளுக்குக் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஜூஸ் கடை, திராட்சைப் பெட்டி, "பழத்தைத் தொடாதீர்" பலகை. நான் இன்னும் கொஞ்சம் உள்ளே நடந்து, படம் எடுக்க யாரும் வராத ஒரு தோட்டத்தில், அனுமதி கேட்டு நுழைந்தேன்.

"வாங்க தம்பி. குனிஞ்சு வாங்க. இங்க எம்புட்டுப் பெரிய ஆளும் சலாம் போட்டுத்தேன் வரணும்" என்றார் தோட்டக்காரர். அறுபது வயசு இருக்கும். கையில் கவாத்துக் கத்தரி.

ஆறடிக்குச் சற்றுக் குறைவாகப் பந்தல். கல்தூண்கள், அவற்றின் மேல் குறுக்கும் நெடுக்கும் கம்பி. ஒவ்வொரு கொடியும் ஒற்றைக் காலாக மேலே ஏறி, கம்பியில் கையை விரித்துப் படுத்திருக்கிறது. இலையெல்லாம் மேலே, பழமெல்லாம் கீழே. உள்ளே போனால் கூரை வேய்ந்த மண்டபம் போல ஒரு பச்சை இருட்டு. தலைக்கு நேரே தொங்கும் கொத்தைக் கிட்டத்தில் பார்த்தேன். கறுப்பும் இல்லை, சிவப்பும் இல்லை. நாவற்பழத்தின் மேல் விபூதி பூசிய மாதிரி. விரல் வைத்த இடத்தில் பூச்சு போய்க் கருநீலம் பளபளத்தது. ஒன்றைப் பறித்து வாயில் போடச் சொன்னார். தடித்த தோல், இரண்டு கொட்டை, நடுவில் வழுவழுவென்று ஒரு சதை, அது நழுவித் தொண்டைக்குள் போன பிறகு மூக்கின் பின்பக்கம் ரோஜா. பன்னீர்த் திராட்சை என்று பெயர் வைத்தவனுக்கு நல்ல நாக்கு. ரோஜாப்பூவில் இருக்கும் ஜெரானியால் என்ற வாசனைப் பொருள் இந்தப் பழத்திலும் இருக்கிறது. கர்நாடகத்தில் இதற்குக் குலாபி என்றே பெயர்.

நண்பனின் கேள்வியைக் கேட்டேன். ஜனவரியில் என்ன செய்வீர்கள்?

"ஜனவரின்னு தனியா என்ன இருக்கு?" என்றவர் கையை நீட்டிக் காட்டினார். அவருடைய மூன்று துண்டு நிலத்தில் ஒன்றில் பழம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்துத் துண்டில் கடுகு கடுகாகப் பிஞ்சு. மூன்றாவதில் அன்றைக்குத்தான் கவாத்து. அங்கே பந்தல் மொட்டையாக, வானம் தெரிய, என் நண்பன் அனுப்பிய படம் மாதிரியே இருந்தது. ஒரே வேலிக்குள் மூன்று பருவம்.

திராட்சைக்கு இயற்கையில் ஒரு குளிர்காலம் வேண்டும். இலை உதிர்த்து, குளிரில் உறங்கி எழுந்தால்தான் கண்கள் எல்லாம் சேர்ந்து விழிக்கும், பூக்கும். கம்பத்தில் ஏது குளிர்காலம்? விட்டால் கொடி நிற்காமல் நுனியிலேயே ஓடிக்கொண்டிருக்கும். இலை நிறைய, காய் கொஞ்சம். அதனால் மனிதன் கத்தரியை எடுத்துக் குளிர்காலத்தை உண்டாக்குகிறான். கவாத்துதான் இங்கே பனிக்காலம். கண்கள் ஒன்றுபோல விழிக்க ஒரு மருந்தும் தடவுவதுண்டு. பென்சில் கனத்துக் குச்சியில் நாலு கண் விட்டு வெட்டினார். நோஞ்சான் குச்சியில் இரண்டு. ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னால் குச்சியை விரலால் ஒரு உருட்டு உருட்டிப் பார்த்தார். ஒரு கொடிக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. வெட்டிய நாளிலிருந்து நான்கு மாதத்தில் பழம். இப்படி இரண்டு வருஷத்தில் ஐந்து அறுவடைகூட எடுத்துவிடலாம். மகாராஷ்டிரத்தில் பெரும்பாலும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை மட்டும் பழம் வர, கம்பத்துப் பழம் மட்டும் வருஷம் முழுக்க வண்டி ஏறுவதன் ரகசியம் இதுதான்.

"அப்ப இதுக்கு உறக்கமே கிடையாதா?" என்றேன்.

"ஒறங்க விட்டா நாம எப்பிடி ஒறங்குறது?" என்றார். பிறகு, கத்தரியைத் துடைத்துக்கொண்டே, "ஆனா ஆயுசு கம்மி. பதினஞ்சு, இருவது வருசம். அம்புட்டுத்தேன். பிடுங்கிட்டு வேற நடணும்."

நண்பனின் தோட்டத்தில் எண்பது வயதுக் கொடிகள் இருப்பதைச் சொன்னேன். நம்பவில்லை. எவ்வளவு காய்க்கும் என்றார். நம் வேளாண் பல்கலைக்கழகம் பன்னீர் ரகத்துக்குச் சொல்வது ஹெக்டேருக்கு ஆண்டில் 30 டன். நண்பன் தன் கல்பாறைச் சரிவில் அதில் பத்தில் ஒரு பங்கு எடுத்தாலே ஊருக்கெல்லாம் போன் போடுவான். காய்ப்புக் குறைந்தால்தான் பழத்தில் சாரம் ஏறும் என்று கொடியை வேண்டுமென்றே பட்டினி போடுகிறார்கள் என்று சொன்னபோது, பெரியவர் முகத்தில் ஒரு பரிதாபம் தெரிந்தது. அவன் மேலா கொடி மேலா என்று கேட்கவில்லை.

மத்தியானம் பக்கத்துத் தோட்டத்தில் மருந்தடித்தார்கள். இலையெல்லாம் வானநீலம். மயில்துத்தம் ஒரு கிலோ, சுண்ணாம்பு ஒரு கிலோ, தண்ணீர் நூறு லிட்டர். போர்டோ கலவை. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த பெயர், கண்ணால் பார்த்தது இப்போதுதான். பிரான்சின் போர்டோ பக்கத்துத் தோட்டக்காரர்கள் சாலையோரக் கொடிகளில் பழம் திருடுகிறவர்களைப் பயமுறுத்த இந்த நீலத்தைத் தெளித்து வைத்திருந்தார்கள். அடிச்சாம்பல் நோய் வந்து ஊரே அழிந்தபோது, சாலையோரக் கொடிகள் மட்டும் பிழைத்து நின்றதை மில்லார்டே என்ற பேராசிரியர் கவனித்தார். 1885-ல் அது மருந்தாயிற்று. திருடனுக்கு வைத்தது நோய்க்கு உதவியது. சுருளிப்பட்டிப் பலகைக்காரர்களுக்கு இது தெரிந்தால் "தொடாதீர்" போர்டு வைக்கிற செலவு மிச்சம்.

பிரான்ஸ் இங்கே வந்த கதை அதற்கும் பழையது. தமிழ்நாட்டில் மதுரை, சேலம் பக்கம் திராட்சையைக் கிறிஸ்தவப் பாதிரிமார் 1832-ஐ ஒட்டிக் கொண்டுவந்தார்கள் என்று புத்தகங்கள் சொல்கின்றன. பன்னீர்த் திராட்சைக்குப் புவிசார் குறியீடு 2023-ல் கிடைத்தபோதும், ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் 1832-ல் கொண்டுவந்தது என்றே எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. பூசைக்குத் திராட்சை ரசம் வேண்டும், அது கலப்பில்லாமல் திராட்சையிலிருந்து வந்ததாகவே இருக்கவேண்டும் என்பது கத்தோலிக்கச் சட்டம். கடல் கடந்து வந்த சாமியார் மலையடிவாரத்தில் நாலு குச்சி ஊன்றியதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை. என் நண்பனுக்கு 190 வருஷம் முன்னோடி. திசை மட்டும் எதிர்த்திசை.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு இடறல் இருக்கிறது, அதைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. பன்னீர்த் திராட்சையின் உலகப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். அந்த ரகம் இங்கிலாந்தில் ஒரு பிரபுவின் கண்ணாடி வீட்டில், ஸ்னோ என்ற தோட்டக்காரர் கையில், 1850-ஐ ஒட்டிப் பிறந்தது. தாய் தகப்பன் யார் என்று மரபணுச் சோதனையே காட்டிவிட்டது. ஒன்று கறுப்பு ஹாம்பர்க், மற்றொன்று அலெக்சாந்திரியா மஸ்கட். 1850-ல் பிறந்த பிள்ளை 1832-ல் எப்படிக் கம்பத்துக்கு வரும்? பாதிரியார் நட்டது வேறு ஏதோ திராட்சை. பன்னீர் அதன் தடம் பிடித்துப் பின்னால் வந்தது என்றே நான் நினைக்கிறேன். குறியீட்டுக்கு இதனால் ஒரு குறையும் இல்லை. ரோஜா வாசனை உள்ளூர் மண்ணில் வருஷம் முழுக்க வருகிறது என்பதற்குத்தானே அது? வயசில் ஒரு பதினெட்டு வருஷம் கூட்டிச் சொல்லும் வழக்கம் நம் குடும்பங்களிலும் உண்டு.

கறுப்பு ஹாம்பர்க்கைப் பற்றி ஒன்று. லண்டனுக்கு அருகே ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் 1768-ல் நட்ட ஒரு கொடி இன்னும் காய்க்கிறது. அது இந்த ரகம்தான். அங்கே அந்தச் சாதிக்கு இருநூற்றைம்பது வயசு. இங்கே அதன் பிள்ளைக்கு இருபது.

மதுவைப் பொறுத்தவரை நாம் புதுசு இல்லை. யவனர் கப்பலில் கொண்டுவந்த தேறலைப் பாண்டியன் குடித்ததைப் புறநானூறு சொல்கிறது. அரிக்கமேட்டில் அவர்கள் ஜாடிகள் கிடைத்திருக்கின்றன. சரக்கு அப்போதே வந்துவிட்டது. கொடி வர இன்னும் ஆயிரத்து எண்ணூறு வருஷம் ஆயிற்று.

மறுநாள் கிளம்பும்போது பெரியவர் கவாத்தில் விழுந்த குச்சிகளில் நாலை எடுத்து, ஈரச் சாக்கில் சுற்றிக் கொடுத்தார். "உங்க சேக்காளிக்கு அனுப்புங்க. அங்க மலையில நம்ம பன்னீரும் நாலு நிக்கட்டும்."

போனில் சொன்னேன். நண்பன் ஒரு நிமிஷம் பேசவில்லை. பிறகு, முடியாது என்றான். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நம் நாட்டிலிருந்து திராட்சைக் குச்சி கொண்டுபோகத் தடை. பழம் போகலாம், கொடி போகக் கூடாது. காரணம் இல்லாமல் இல்லை. 1860-களில் அமெரிக்கக் கொடிகளோடு சேர்ந்து வந்த ஒரு வேர்ப்பூச்சி பிரான்சின் தோட்டங்களைத் தின்று தீர்த்தது, டோரோவையும் விடவில்லை. பாதிரியார் காலத்தில் துறைமுகத்தில் நிறுத்திக் கேட்க ஆள் இல்லை. அவர் காலத்துக்குப் பிறகு உலகம் சூடுபட்டுக்கொண்டது.

கம்பத்திலிருந்து இரவு பஸ். கிளாம்பாக்கத்தில் விடியற்காலை இறங்கி, இரண்டு பஸ் மாறி, தி. நகர் வந்து சேரும்போது தள்ளுவண்டிக்காரர் அப்போதுதான் பழம் அடுக்கிக்கொண்டிருந்தார். பன்னீர்தான். எந்த ஊர் என்றேன். "கோயம்பேடு" என்றார், என்னை ஏற இறங்கப் பார்த்து. என் கையில் கம்பத்துப் பெட்டி இருந்தது.

மாமி பெட்டியைத் திறந்து ஒரு கொத்தை எடுத்துக் கழுவி, உப்புத் தண்ணீரில் போட்டு, ஒரு பழம் தின்றார். கொட்டைகளை உள்ளங்கையில் துப்பிப் பார்த்துக்கொண்டே நெடுநேரம் இருந்தார். "புளிக்க வெச்சா இந்த வாசனை போயிடுமோ?" என்றார். போகாது, மஸ்கட் வகைக்கு அதுதான் பெருமை என்றேன். சாராயம் என்ற சொல்லை அன்றைக்கு அவர் எடுக்கவில்லை.

குச்சிகளில் இரண்டு வழியிலேயே காய்ந்துவிட்டன. மற்ற இரண்டையும் மொட்டைமாடியில் பெயின்ட் வாளியில் செம்மண் போட்டு ஊன்றினோம். மெரினாக் காற்று உப்பும் ஈரமுமாக வருகிற மாடி. திராட்சைக்கு ஆகாத இடம் என்று எந்த நிபுணரும் சொல்வார். மாமி தினம் காலையில் அரிசி கழுவிய தண்ணீரை எடுத்துக்கொண்டு மேலே போனார்.

மாசி பிறந்த வாரத்தில் போன் வந்தது. ஒன்றில் கண் திறந்திருக்கிறது, வந்து பார் என்று. போய்ப் பார்த்தேன். சுண்டுவிரல் நகம் அளவுக்கு, இளஞ்சிவப்பு ஓரத்தோடு, பஞ்சு போர்த்த ஒரு துளிர். மாமி அதற்கு முன்னால் செல்போனை நீட்டிப் பிடித்திருந்தார். திரையில் நண்பன், தொப்பியும் கம்பளியுமாக. அவனுக்குப் பின்னால் சரிவு முழுக்கக் கருங்கட்டைகள்.

"என்னோடது முளைச்சுடுத்து" என்றார் மாமி. "உன்னோடது?"

"இன்னும் தூங்கறதும்மா."

"எழுப்பேன்."